கியர் மாறாத பழைய கார்: பெட்டியைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

"கியர்பொக்ஸ் முடிஞ்சுது" என்னும் இரண்டு சொற்களைக் கேட்ட மாத்திரத்தில், மறுபேச்சின்றிக் காரைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பியவர்கள் எம்மவரிடையே பலர் உளர். வேறு சிலர், காரின் பெறுமதியையும் விஞ்சிய தொகையைக் கடனட்டையில் செலுத்திப் புதுப்பித்த பெட்டியொன்றைப் பொருத்துவிக்கின்றனர்; ஆறு மாதம் கழித்து அதே நோய் திரும்பி வருகின்றது. இவ்விரு சாராருக்கும் நேர்ந்த நட்டத்தில் ஒரு பகுதி தவிர்க்கப்பட்டிருக்கக்கூடியது என்பது எமது துணிபு. பழைய ஓட்டோமற்றிக் காரொன்றில் கியர் சரிவர மாறாதபோது, பெட்டியைக் கழற்றி மேசையில் வைப்பதற்கு முன்னர் பார்த்து முடிக்க வேண்டிய காரியங்கள் பல இருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வெள்ளைக் கடதாசியும், ஒரு துண்டு வெள்ளைத் துணியும், இரண்டு மணி நேரமும் போதும்.

இதனை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. வந்திறங்கிய புதிதில் வாங்கப்படும் முதற் கார் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேற்பட்டது. அதிகாலை மூன்று மணிக்கு ஸ்காபறோவிலிருந்து பிறம்ரனிலுள்ள தொழிற்சாலைக்குச் செல்வதற்கு வசதியான பஸ் கிடையாது. கார் நின்றால் வேலை நிற்கும், வேலை நின்றால் ஊருக்கு அனுப்பும் பணம் நிற்கும். ஐரோப்பாவிலுள்ள எம் உறவினர் பலர் கையால் கியர் மாற்றும் கார்களிலேயே பழகியவர்கள். கனடாவிலோ ஓட்டுநர் பரீட்சைக்குப் போகும் கார் தொடக்கம் பீட்சா கொண்டுபோகும் கார் வரை ஏறக்குறைய யாவும் ஓட்டோமற்றிக். ஓட்டுவது இலகு. பழுதானால் எங்கே கைவைப்பது என்று தெரியாமல் போவதும் அதே இலகுவோடு நேர்கின்றது.

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றையும் மொறிஸ் மைனரையும் அரை நூற்றாண்டு ஓடவைத்த சமூகம் எங்களுடையது. பொருளாதாரத் தடை நிலவிய 1990களின் முற்பகுதியில் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டிய மெக்கானிக்குகளின் காது ஒரு கருவி. அவர்கள் கையாண்ட கியர்பெட்டியில் காரணமும் விளைவும் அருகருகே இருந்தன: பல் தேய்ந்தால் சத்தம் கேட்கும், கிளச் தேய்ந்தால் காலுக்குத் தெரியும். ஓட்டோமற்றிக் பெட்டியில் கியரை எப்போது மாற்றுவது என்ற தீர்மானத்தை எடுப்பது ஓட்டுநர் அல்லர். பெட்டிக்குள் ஓடும் ஒயிலும், பிற்காலத்தில் வந்த கணினியும் அதனை எடுக்கின்றன. ஆகவே தீர்மானத்தில் பிழையா, அதனை நிறைவேற்றும் உறுப்பில் பிழையா என்று பிரித்தறிவதே இந்நோய் காணலின் முதற்படி.

உள்ளே நடப்பது

திரவத்தின் சுழற்சியால் வலுவைக் கடத்தலாம் என்னும் யோசனைக்கு ஜேர்மானியப் பொறியியலாளர் ஹேர்மன் ஃபொற்றிங்கர் 1905 ஆம் ஆண்டில் உருக்கொடுத்தார். அது கப்பல்களுக்காக எழுந்த யோசனை. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 'ஹைட்ரா-மற்றிக்' என்ற பெட்டியைப் பொருத்தி விற்றது. பெருந்தொகையில் உற்பத்தியான முதலாவது முழு ஓட்டோமற்றிக் பெட்டி அதுவே. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தாங்கிகள் சிலவற்றிலும் அது பணியாற்றியது.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மாத்திரம் இயக்கினால் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக ஒயிலை நிரப்பி, இரண்டையும் ஒரே உறைக்குள் அடைத்து, நடுவே ஒயிலைத் திருப்பிவிடும் இன்னொரு சக்கரத்தையும் வைத்தால் அதுவே ரோர்க் கொன்வேட்டர். அதற்கு அப்பால் கிளச் தட்டுகளும் பட்டிகளும் பற்சக்கரத் தொகுதிகளும் உள்ளன. எந்தக் கிளச் இறுகுகிறதோ அதற்குரிய கியர் கிடைக்கும். கிளச்சை இறுக்குவது ஒயிலின் அமுக்கம். அந்த அமுக்கத்தை இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் பம்பி உண்டாக்க, பல வால்வுகளைக் கொண்ட அலுமினியத் தட்டொன்று அதனைப் பங்கிட்டு அனுப்புகின்றது. 1980கள் வரை இப்பங்கீடு முற்றாக ஒயிலாலேயே நடந்தது. பின்னர் சொலனோயிட் எனப்படும் மின்காந்த வால்வுகள் வந்தன. அவற்றைத் திறக்கவும் மூடவும் கணினி கட்டளையிட்டது.

ஒரே ஒயில் வலுவைக் கடத்துகிறது, கிளச்சை இறுக்குகிறது, உராய்வைத் தணிக்கிறது, சூட்டை வெளியேற்றுகிறது. இதனாலேயே அந்த ஒயிலைப் பார்க்காமல் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பையும் நாம் ஏற்பதில்லை.

முதலில் கடதாசி

"கியர் பிழையாய் விழுது" என்று கராஜில் சொன்னால் அது ஒரு முறைப்பாடு மாத்திரமே. வைத்தியரிடம் "சுகமில்லை" என்பது போன்றது. ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் குறிப்பெடுக்க, அரை மணி நேரம் ஓடிப் பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த நிலையிலிருந்து புறப்படுதல் அவசியம்; சூடேறிய பின்னர் தோன்றும் பிழையும், சூடேற மறையும் பிழையும் வெவ்வேறு குலத்தவை. முன்னதில் ஒயில் மெலிந்து, தேய்ந்த முத்திரை வளையங்களின் ஊடாகக் கசிந்து அமுக்கம் விழுகின்றது. பின்னதில் அநேகமாக இறப்பர் வளையங்கள் இறுகிப்போயிருக்கும். சூட்டில் அவை சற்று இளகியதும் பெட்டி வழிக்கு வருகின்றது.

ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு ஆகிய ஒவ்வொரு மாற்றமும் எந்த வேகத்தில் நிகழ்ந்தது என்று எழுதுக. மாறும்போது இடித்ததா, நழுவியதா என்பதையும் எழுதுக. இடித்தல் என்பது பின்னாலிருந்து எவரோ உதைத்தாற்போல் இருக்கும். நழுவுதல் என்றால் இயந்திரத்தின் சுற்று ஏறும், காரின் வேகம் ஏறாது. எல்லாக் கியர்களிலும் நழுவினால் குறைபாடு பொதுவானது: ஒயில் குறைவு, அடைபட்ட வடிகட்டி, தளர்ந்த பம்பி. ஒரேயொரு கியரில் மாத்திரம் நழுவினால் அந்தக் கியருக்குரிய கிளச் அல்லது பட்டியே சந்தேகத்துக்குரியது. இந்த ஒரு வேறுபாட்டை எழுதிக் கொண்டுபோனாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும். உங்களிடம் அவர் பேசும் தொனியும் மாறும்.

நின்ற நிலையில் செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. இயந்திரம் சூடாக இருக்க, கைப்பிறேக்கையும் கால்பிறேக்கையும் நன்றாகப் பிடித்துக்கொண்டு, நியூற்றலிலிருந்து ட்றைவுக்கு மாற்றிக் கார் இலேசாக அதிரும் வரை எவ்வளவு நேரம் செல்கிறது என்று கணக்கிடுக. ரொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கைநூல்கள் 1.2 செக்கனுக்குள் அந்த அதிர்வு வரவேண்டும் என்கின்றன. ரிவேர்ஸுக்கு 1.5 செக்கன். இரண்டும் பிந்தினால் ஒயில் அமுக்கம் குறைவு. ஒன்று மாத்திரம் பிந்தினால் அப்பக்கத்துக் கிளச் தேய்ந்திருக்கலாம். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நிமிடம் ஆறவிட வேண்டும். பிறேக்கைப் பிடித்தபடி அக்சிலேற்றரை முற்றாக மிதித்துப் பார்க்கும் இன்னொரு சோதனையைப் பற்றி வாசகர் சிலர் கேள்விப்பட்டிருப்பர். அதனை வீட்டு முற்றத்தில் செய்ய வேண்டாம். ஐந்து செக்கனுக்கு மேல் நீடித்தால் நல்ல பெட்டியும் வெந்துவிடும். பிறேக் தவறினால் முன்னால் நிற்பவர் கதி என்னாவது?

ஒயில் சொல்லும் கதை

ஒயில் பார்க்கும் கம்பியை இழுக்கும் முறை காருக்குக் கார் வேறுபடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான கார்களில் மட்டமான தரையில், இயந்திரம் சூடாகி ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுசென்று பார்க்கில் விட்டபின் பார்க்க வேண்டும். ஹொண்டாவில் இயந்திரத்தைச் சூடாக்கி, நிறுத்தி, ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். முறை மாறினால் அளவு பொய் சொல்லும். அளவு குறைந்தால் பம்பி காற்றை உறிஞ்சும். கூடினாலும் சுழலும் பற்சக்கரங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அமுக்கம் இல்லை. ஆகவே இரண்டு பிழைகளும் ஒரே விதமான நழுவலையே தருகின்றன.

கம்பியிலுள்ள ஒயிலை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்கவும். தெளிந்த சிவப்பு நல்லது. தேநீர்ச் சாயம் போன்ற கபிலம் வயதைக் காட்டும். அதனாலேயே அஞ்சத் தேவையில்லை. கறுத்து, கருகிய பாணின் மணம் வீசினால் கிளச் தட்டுகள் எரிந்துள்ளன என்பது ஏறக்குறைய உறுதி. அந்நிலையில் ஒயிலை மாற்றிப் பயனில்லை. இளஞ்சிவப்பு மில்க்ஷேக் போலக் கலங்கியிருந்தால் ரேடியேற்றருக்குள் இருக்கும் ஒயில் குளிராக்கி உடைந்து தண்ணீர் கலந்துவிட்டது. அக்காரை ஒரு கிலோமீற்றர் தானும் ஓட்டலாகாது. கிளச் தட்டுகளின் மேலுறை பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் பட்டால் உரிந்து வரும்.

எந்த ஒயில் என்பதில் எம்மவர் காட்டும் அலட்சியம் வியப்புக்குரியது. ஓட்டோமற்றிக் ஒயிலில் உராய்வைக் கட்டுப்படுத்தும் சேர்க்கைகள் உள்ளன. ஒரு காலத்தில் அதற்கெனத் திமிங்கல எண்ணெயே கலக்கப்பட்டது. அமெரிக்கா 1970களின் தொடக்கத்தில் அதற்குத் தடைவிதித்த பின்னர் வேதியியலாளர் மாற்றுத் தேடி அலைந்தனர். அந்த நுட்பமான சேர்க்கையை மாற்றினால் பெட்டி உடனே உணரும். கிறைஸ்லர் நிறுவனம் 1989 இல் அறிமுகப்படுத்திய, கணினியால் இயங்கும் நான்கு கியர்ப் பெட்டி இதற்குத் தக்க உதாரணம். டொட்ஜ் கறவான் வான்களில் பரவலாகப் பொருத்தப்பட்ட அப்பெட்டிக்கு நிறுவனத்தின் தனி ஒயில் தேவை. பல கடைகளில் வழக்கமான டெக்ஸ்றொன் ஊற்றப்பட்டது. வான்கள் நடுங்கத் தொடங்கின. நடுக்கம் பெட்டியின் பிழையென்று கணக்கெழுதப்பட்டது. அப்பெட்டியில் சொந்தக் குறைகளும் இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் ஒயிலை மாற்றிச் சரிப்படுத்தியிருக்கக்கூடிய வான்களும் அவற்றுள் அடங்கும்.

"பழைய ஒயிலை மாற்றினால் பெட்டி செத்துவிடும்" என்றொரு நம்பிக்கை கராஜ்களில் வழங்கி வருகின்றது. எமது கருத்தில் அது அரை உண்மை. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து, அந்தத் தேய்மானத் தூளே ஒயிலில் மிதந்து பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்த பெட்டிக்குப் புதிய ஒயில் இறுதி அடியாகலாம். அது எப்படியும் இறக்கவிருந்த பெட்டி. ஒயில் கறுக்காமல், நழுவல் இல்லாமல், மாற்றத்தில் மாத்திரம் சற்றுக் கரடுமுரடு தோன்றும் காருக்கு ஒயில் மாற்றம் பெருநன்மை. கீழ்த்தட்டைத் திறந்து வடிக்கும்போது மொத்த ஒயிலில் ஒரு பகுதியே வெளியேறும். எஞ்சியது கொன்வேட்டருக்குள் நிற்கும். ஆகவே சில நூறு கிலோமீற்றர் ஓடி, மீண்டும் வடித்து நிரப்புவதே சாந்தமான வழி. இயந்திரத்தின் வலுவால் முழுவதையும் பீறிட்டுக் கழுவும் முறையைப் பழைய காருக்கு நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

கீழ்த்தட்டைத் திறக்கும்போது அருகில் நில்லுங்கள். தட்டினுள் இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறப் பசை படிந்திருப்பது இயல்பு. ஊசி போன்ற உருக்குச் சிம்புகள் இருந்தால் பற்களோ தாங்கிகளோ உடைகின்றன. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கம் வெண்கலப் புதையங்களிலிருந்து வருவது. கறுத்த மாவு நிறைந்திருந்தால் கிளச் தட்டுகளின் கதை முடிந்தது. பெட்டியின் உண்மையான மரணச் சான்றிதழ் இத்தட்டில்தான் எழுதப்பட்டிருக்கும்.

கியர்பெட்டி செய்யாத குற்றங்கள்

கியர்பெட்டியின் தலையில் கட்டப்படும் பழிகளுட் கணிசமானவை பிற உறுப்புகளுக்குரியவை. இயந்திரத்தைத் தாங்கும் இறப்பர் மவுண்ட் ஒன்று அறுந்தால், ரிவேர்ஸில் போடும்போது "டொக்" என்று இடிக்கும். பிளக் வயர் பழுதடைந்து ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரிந்தால், அக்சிலேற்றரை இலேசாக மிதித்து ஏற்றம் ஏறும்போது கார் நடுங்கும். இதே நடுக்கத்தைக் கொன்வேட்டருக்குள் இருக்கும் பூட்டுக் கிளச்சும் தரவல்லது. மணிக்கு 60 முதல் 80 கிலோமீற்றர் வேகத்தில் வீதியோரத்து வரம்பில் சக்கரம் ஏறினாற்போலத் தடதடக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான உபாயம் இருக்கின்றது. ஆளற்ற வீதியில் அந்த நடுக்கம் வரும் தருணத்தில் இடது காலால் பிறேக்கை, விளக்கு மாத்திரம் எரியும் அளவுக்குத் தொடவும். பிறேக் விளக்கு எரிந்ததும் கணினி அந்தப் பூட்டை விடுவிக்கும். நடுக்கம் உடனே நின்றால் குற்றவாளி கொன்வேட்டர். நிற்காவிட்டால் பிளக்குகளைப் பாருங்கள்.

வேகமானி முள் திடீரென விழும் அதே கணத்தில் கியரும் குழம்புமாயின், வேகத்தை உணரும் சென்சரோ அதன் வயரோ பழுது. கார் எந்த வேகத்தில் போகிறது என்று அறியாத கணினி எந்தக் கியரைக் கொடுக்கும்?

2014 ஜனவரியில், எமக்கு அறிமுகமான ஒருவரின் 2001 ஆம் ஆண்டு ரொயோட்டா காம்ரிக்கு நேர்ந்தது இவ்விடத்தில் சொல்லத்தக்கது. முந்திய டிசம்பரில் ரொறொன்ரோவைப் பனிமழைப் புயல் தாக்கி, பல இலட்சம் பேர் மின்சாரமின்றி இருந்த மாரி அது. 401 நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீற்றரில் போகும்போது நான்காவது கியர் விழவில்லை. வழமையைவிட ஏறத்தாழ ஆயிரம் சுற்றுகள் கூடுதலாக இயந்திரம் அலறியது, பெற்றோலும் கரைந்தது. அவர் காட்டிய முதலாவது கராஜில் காரை ஓட்டிப் பார்த்த ஐந்து நிமிடத்தில் பெட்டி மாற்ற வேண்டும் என்று கூறி 2,800 டொலர் கேட்டனர். காரின் விலை அவ்வளவு வராது. இரண்டு பிள்ளைகளின் தந்தை, இரவு வேலை, கடனட்டை ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை வீதியில் ஒருகாலம் கராஜ் வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் அவரை அனுப்பினோம். அம்முதியவர் பொனற்றைத் திறக்கு முன்னரே கேட்ட கேள்வி கியரைப் பற்றியதன்று.

"தம்பி, ஹீற்றர் சூடாய் வருதோ?"

"இல்லை அண்ணை. பிறம்ரன் மட்டும் ஓடினாலும் கால் விறைக்குது."

"அப்ப பெட்டியை விடும். தேர்மொஸ்ரற்றைப் பாப்பம்."

இயந்திரத்தின் தண்ணீர் குறித்தவோர் அளவு சூடேறும் வரை நான்காவது கியரையும் கொன்வேட்டர்ப் பூட்டையும் கணினி அனுமதிப்பதில்லை. குளிர்ந்த இயந்திரத்தைப் பாதுகாக்கவும், விரைவில் சூடாக்கவும் செய்யப்பட்ட ஏற்பாடு அது. 80 பாகை செல்சியஸை அண்டித் திறக்க வேண்டிய தேர்மொஸ்ரற், திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. நெடுஞ்சாலைக் காற்றில் இயந்திரம் ஒருபோதும் சூடேறவில்லை. கணினி தனது கடமையைச் செய்தது. கியர்பெட்டிக்கு எந்த நோயும் இல்லை. புதிய தேர்மொஸ்ரற்றும் கூலியுமாக 150 டொலருக்குள் காரியம் முடிந்தது. முதலாவது கராஜ் வேண்டுமென்றே ஏமாற்றியதா, அறியாமையாற் சொன்னதா என்பதை நாம் ஆராயப் புகவில்லை. வெப்பமானி முள் வழமையான இடத்துக்கு ஏறாமல் கீழே கிடந்ததை அங்கே எவரும் பார்க்கவில்லை என்பது மாத்திரம் தெளிவு.

மின்சாரமா, இரும்பா?

அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து ஓபிடி-2 என்னும் பொதுவான பிழையறி முறைமை கட்டாயமாக்கப்பட்டது. மலிவான வாசிப்பானொன்றைச் செருகினால் பிழை இலக்கம் கிடைக்கும். அந்த இலக்கத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வோர் பலர். பி0740 என்று வந்தால் கொன்வேட்டர்ப் பூட்டின் மின்சுற்றில் ஏதோ குறை என்பதே பொருள். கொன்வேட்டரை வாங்கு என்று பொருள் இல்லை. வயரா, செருகியா, சொலனோயிட்டா, கிளச்சா என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். அதற்கு முந்திய ரொயோட்டாக்கள் பலவற்றில் ஓவர்ட்றைவ் விளக்கு மினுங்கியே பேசும்: ஆறு முறை, பின் இரண்டு முறை மினுங்கினால் 62; அது முதலாவது சொலனோயிட். 63 இரண்டாவது. எம்மவர் சிலர் இதனைப் பல்பு பழுதென்று எண்ணிக் கழற்றி எறிந்ததையும் அறிவோம்.

கணினியின் கட்டளையையும் பெட்டியின் உடலையும் பிரித்துப் பார்க்கும் மிக நேர்த்தியான வழி, சொலனோயிட் செருகியைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் மாற்றி ஓட்டுவதாகும். அக்காலத்து நான்கு கியர் ரொயோட்டாப் பெட்டிகள் பலவற்றில் அப்போது ட்றைவில் நான்காவதும், '2' இல் மூன்றாவதும், 'எல்' இல் முதலாவதும் கிடைக்கும். அவை ஒழுங்காகக் கிடைத்தால் இரும்பு நலமாக இருக்கிறது; பிழை வயரிலோ சொலனோயிட்டிலோ கணினியிலோ உள்ளது. முன்னர் குறிப்பிட்ட கிறைஸ்லர் வானிலோ கணினி ஆபத்தை உணர்ந்தால் இரண்டாவது கியரை மாத்திரம் தந்து வீடு சேரச் சொல்லும். "இரண்டிலேயே நிற்குது" என்பது அந்த வானில் பாதுகாப்பு ஏற்பாட்டின் அடையாளம். பலவீனமான பற்றரியும் துருப்பிடித்த பூமிக் கம்பியும்கூட அதனைத் தூண்டக்கூடும்.

கணினி வந்த பின்னரும் பல கார்களில் அக்சிலேற்றரோடு இணைந்த ஒரு கேபிள் பெட்டிக்குச் சென்றது. மேலே கூறிய காம்ரியிலும் அது உண்டு. அமுக்கத்தைத் தீர்மானிப்பது அக்கேபிள். தளர்ந்தால் கியர்கள் வெண்ணெய்போல் மிருதுவாக மாறும்; ஓட்டுநர் மகிழ்வார்; உள்ளே தட்டுகள் நழுவி எரிந்துகொண்டிருக்கும். அளவுக்கு மேல் இறுகினால் ஒவ்வொரு மாற்றமும் இடிக்கும். அக்சிலேற்றர் முழுதாகத் திறந்திருக்கையில் கேபிளிலுள்ள நிறுத்திக்கும் உறையின் நுனிக்கும் இடையே ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது என்பது ரொயோட்டாவின் விதி. இரண்டு நட்டுகளைத் திருப்பும் வேலை. வேறு காரணத்துக்காக இயந்திரத்தில் கைவைத்தவர் இதனைக் கழற்றிப் பிழையாகப் பூட்டிவிடுவது வழக்கம் என்பதால், கியர்க் குழப்பம் எந்தத் திருத்தவேலைக்குப் பின் தொடங்கியது என்று நினைவுகூர்தல் நன்று.

உற்பத்திக் குறைகளும் உண்டு. ஹொண்டா நிறுவனம் 2004 இல், இரண்டாவது கியர் சூடேறி உடையலாம் என்று அறிவித்து அமெரிக்காவில் மாத்திரம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருப்பியழைத்தது. ஒடிசி வான்களும் ஆறு சிலிண்டர் அக்கோர்ட்டுகளும் அவற்றுள் இருந்தன. பழைய வாகனம் வாங்குவோர் அத்திருத்தம் செய்யப்பட்டதா என்று வாகனத்தின் இலக்கத்தைக் கொண்டு விற்பனை முகவரிடம் விசாரிக்கலாம்.

உப்பும் பனியும்

கனடாவில் பெட்டிகளைக் கொல்வது வயது மாத்திரமன்று. வீதியில் தூவும் உப்பு, பெட்டியிலிருந்து ரேடியேற்றருக்குச் செல்லும் உருக்குக் குழாய்களை அரித்துத் துளையிடுகின்றது. தரிப்பிடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்திருந்தால் அதனை அன்றே கவனிக்க வேண்டும். பனியில் புதைந்த காரை ட்றைவுக்கும் ரிவேர்ஸுக்கும் மாற்றி மாற்றி உலுப்பி எடுப்பது இன்னொரு கொலை. சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கையில் எதிர்க்கியர் விழுந்தால் கிளச் தட்டுகள் அதனைத் தாங்கா. மண்வாரியை எடுத்துப் பத்து நிமிடம் வெட்டுவது மலிவு. நின்ற காரைத் தள்ளி ஸ்ரார்ட் பண்ணும் எமது ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. பம்பியை இயக்குவது இயந்திரம் என்பதால் சக்கரத்தைச் சுழற்றி ஒயில் அமுக்கத்தைப் பெறவியலாது. அதே காரணத்தால் முன்சக்கரத்தில் இயங்கும் காரை அச்சக்கரங்கள் தரையில் உருளக் கட்டியிழுக்கவும் கூடாது.

கராஜ் வாசலில்

ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2005 இல் நடைமுறைக்கு வந்தபோது, கார் திருத்தத்துக்கெனச் சில உரிமைகளை வகுத்தது. எழுத்து மூலமான மதிப்பீட்டை நீங்கள் கேட்கலாம். இறுதிக் கட்டணம் அதனைப் பத்து வீதத்துக்கு மேல் தாண்டலாகாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிப் பெறலாம். பொருத்திய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. எம்மவர் கராஜ்களில் முகத்தாட்சண்யம் கருதி எவரும் கடதாசி கேட்பதில்லை. "அண்ணை பாத்துச் செய்யுங்கோ" என்பதோடு ஒப்பந்தம் முடிகின்றது. அண்ணை நல்லவராகவே இருக்கலாம். கடதாசி இருந்தால் அவர் தொடர்ந்தும் நல்லவராக இருப்பது இலகு.

எல்லாம் பார்த்த பின்னரும் பெட்டி போய்விட்டதாகவே முடிவாகலாம். கருகிய மணமும், தட்டில் கறுத்த மாவும், ஒரு கியரில் உறுதியான நழுவலும் ஒருங்கே இருந்தால் வாதிடுவதில் பயனில்லை. உடலில் துருப்பிடிக்காத, இயந்திரம் நல்ல காருக்கு உடைப்புக்கடையில் பாவித்த பெட்டி வாங்கலாம். கொரொல்லாக்கள் 2013 ஆம் ஆண்டு மாதிரியிலும் நான்கு கியரோடு வந்தவை. இவ்வாறான பெட்டிகள் கிடைப்பது அரிதன்று. வாங்குமுன் அதில் எஞ்சியிருக்கும் ஒயிலின் நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். காரில் ஏற்றுமுன் முன்பக்கத்து ஒயில் முத்திரையை மாற்றச் சொல்லுங்கள். பின்னர் மாற்றுவதாயின் முழுப் பெட்டியையும் மறுபடி இறக்க வேண்டும். ரேடியேற்றருக்குள் இருக்கும் குளிராக்கியையும் குழாய்களையும் கழுவும்படி மதிப்பீட்டுக் கடதாசியிலேயே எழுதுவியுங்கள். செத்த பெட்டியின் இரும்புத்தூள் அங்கேதான் தங்கியிருக்கும். கழுவாமல் விட்டால் முதல் நாள் ஓட்டத்திலேயே அது புதிய பெட்டிக்குள் போய்ச் சேரும். ஆறு மாதத்தில் அதே நோய் திரும்புவதற்கு நாம் கண்ட காரணங்களுள் இதுவே அடிக்கடி வருவது.